நர்சம்மாவிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்தில் கல்லல், சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பல வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். பிபி பார்த்து, மாத்திரை கொடுத்து, பையை மாட்டிக்கொண்டு திண்ணையை விட்டு இறங்கும் நேரத்தில் யாராவது ஒருத்தி வாசல்வரை கூடவே வருவாள். "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும், யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்பாள். உண்மையான கேள்வி அப்போதுதான் வரும். அப்படி வாசலில் வைத்துக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருத்துவச்சி, நர்சம்மா, ஸ்டாஃப் நர்ஸ் எல்லாரும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் ஒரே வழியில் வந்தவர்கள். அந்தக் காலத்து மருத்துவச்சி பாட்டி பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அவரிடம் இருந்த பொறுமையும், வலியில் இருப்பவளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்காரும் பழக்கமும் எங்களுக்கும் பாடம்தான். ஆனால் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் கொடுக்க அவரிடம் ஊசி இல்லை. நம் அப்பத்தாமார் காலத்தில் எத்தனையோ வீடுகளில் தாயில்லாப் பிள்ளைகள் வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

உங்கள் ஊருக்கு வருகிற நர்சம்மா துணை சுகாதார நிலையத்தைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். நர்ஸ் படித்து முடிப்பவர் செவிலியர் என்று மட்டும் பதிவு செய்வதில்லை. மகப்பேறு செவிலியர் என்றும் சேர்த்தே பதிவு செய்கிறார். அதனால் "வெறும் நர்ஸ்தானே பார்க்கிறார்" என்று யாராவது சொன்னால், பிரசவம் பார்ப்பது அவர் படித்த படிப்பு என்று சொல்லுங்கள்.

பிரசவத்துக்கு மட்டும்தானே அவரிடம் போக வேண்டும்?

இல்லை. இந்த எண்ணத்தை மாற்றத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். பெண் வயதுக்கு வந்த நாளிலிருந்து முதுமை வரை உடம்பில் எது என்றாலும் முதலில் அவரிடம் கேட்கலாம். மாதவிலக்கில் தாங்க முடியாத வலி, வெள்ளைப்படுதல், குழந்தை தள்ளிப்போட வழி, மார்பில் கட்டி, சர்க்கரை, பிபி, மனச்சோர்வு, எதுவானாலும் சரி. அவரால் முடிவது உண்டு, முடியாதது உண்டு. முடியாததை எங்கே காட்டுவது, எப்போது காட்டுவது என்று சொல்வதும் அவர் வேலையில் பாதி.

முழுகாமல் இருக்கிறேன். மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக்கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்வது?

ஊருக்குச் சொல்ல வேண்டாம். நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அவரிடம் சொல்வது வெளியே சொல்வதில் சேராது என்று மாமியாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போனதுமே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டு, 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் இடம் கருத்தரித்த முதல் மாதத்திலேயே மூடிக்கொள்கிறது. அதற்குத் துணை செய்யும் ஃபோலிக் அமில மாத்திரையை ஐந்தாம் மாதத்தில் வந்து வாங்கிப் பயனில்லை. குழந்தைக்குத் தயாராகும்போதே அதைத் தொடங்கினால் இன்னும் நல்லது.

பதிவு செய்தால் பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு எண் கிடைக்கும். பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுதான் வாசல். முதல் இரண்டு பிரசவத்துக்கு மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அந்தப் பெயருக்குரியவர் 1886இல் நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பணத்தை வாங்கும்போது அவரைப் பற்றியும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறேன். அட்டை, எண் எல்லாம் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அதே எண் எங்கும் செல்லும். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் தாள், இரத்தப் பரிசோதனைத் தாள் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இங்கிருந்து கிளம்பும் முன் இந்த நர்சம்மாவிடமும், அங்கே போன அன்றே அந்த ஊர் நர்சம்மாவிடமும் சொல்லுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் அந்த இரண்டு, மூன்று வாரத்தில்தான் பரிசோதனை விட்டுப்போகிறது. "அங்கே பார்த்துக்குவாங்க" என்று இங்கேயும், "அங்கே பார்த்திருப்பாங்க" என்று அங்கேயும் நினைத்துக்கொள்வார்கள். பிபி ஏறத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அதிகம் பொய் சொல்லப்படுவது இந்த மாத்திரை பற்றித்தான். "எல்லாம் சாப்பிட்டுட்டேன் சிஸ்டர்" என்பார்கள். அட்டை அட்டையாக அது அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். நான் கோபப்பட்டதில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் சரியான காரணம் இருக்கும்.

மலம் கறுப்பது மாத்திரையால்தான், அதில் பயமில்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் போட்டுப் பாருங்கள். டீ, காப்பியோடு சேர்க்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், டீயும் காப்பியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் போடாதீர்கள். கால்சியம் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு இரவில் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு இன்னும் 180 நாள்.

மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பதும், பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பதும் உண்மையில்லை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7க்கும் கீழே போனால் அது ஆபத்து, மருத்துவமனையில் காட்ட வேண்டியது. இரத்தம் குறைந்த உடம்பு பிரசவத்தில் போகும் கொஞ்ச இரத்தத்தைக்கூடத் தாங்காது. புதுவயல் அரிசி ஆலைக்கும் ஆத்தங்குடி கல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்களிடம் நான் பார்த்தது, களைப்பையே இயல்பு என்று நினைத்துக்கொள்வது. படியேறும்போது மூச்சு வாங்குவது இயல்பில்லை தாயி.

முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, சுவரொட்டி, முட்டை, மீன் எல்லாம் நல்லது. உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்துக் கருப்பட்டி சேர்த்துக் கிண்டும் நம் கும்மாயம் பிள்ளைத்தாய்ச்சிக்கு அருமையான பலகாரம். சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரத்தம் ஏற்கெனவே குறைந்துவிட்டவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், இரத்தம் மிகக் குறைந்திருந்தால், இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றும் வழி இருக்கிறது.

கால் வீங்குகிறது. கர்ப்பத்தில் எல்லாருக்கும் வீங்கும்தானே?

மாலையில் கணுக்கால் வீங்கிக் காலையில் வடிந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. காலையில் எழும்போதே முகமும் கையும் வீங்கியிருந்தால், தலை இடித்தால், கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால் அன்றைக்கே பிபி பார்க்க வேண்டும். 140க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே கவனிக்க வேண்டிய பிபி. இது முற்றினால் வலிப்பு வரும். அதைத்தான் பெரியவர்கள் சன்னி என்றார்கள், சில வீடுகளில் காற்று, கருப்பு என்று மந்திரிக்கப் போனார்கள். மந்திரிக்கப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில் தாயும் பிள்ளையும் போய்விடலாம். வலிப்பை அடக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. முதல் ஊசியைப் போட்டு, 108இல் ஏற்றி அனுப்பும் பயிற்சி செவிலியருக்கு உண்டு.

இரத்தம் படுதல், பனிக்குடம் உடைதல், காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல், இவற்றுக்கும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பரிசோதிக்கிறார்களே, அது எதற்கு?

கர்ப்ப காலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் சாப்பாட்டு முறையை மாற்ற வேண்டும், சிலருக்கு மருந்தும் வேண்டும். வெறும் வயிற்றில் போனாலும் சாப்பிட்டுப் போனாலும் இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். குடித்ததை வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

டாக்டர் இல்லாமல் நர்ஸ் மட்டும் பிரசவம் பார்ப்பது பாதுகாப்பா?

சிக்கல் இல்லாத பிரசவத்துக்குப் பாதுகாப்புதான். ஆனால் "சிக்கல் இல்லாத" என்ற சொல்லை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். முன்னால் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர், இரட்டைப் பிள்ளை, பிள்ளை குறுக்கே அல்லது கால் கீழாக இருப்பது, பிபி, கடுமையான இரத்தசோகை, இவர்களெல்லாம் நேராகக் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியவர்கள். ஒன்பதாம் மாதத்திலேயே எங்கே பிரசவம் என்று நர்சம்மாவிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு, செவிலியர் செய்வது வெறும் காத்திருப்பில்லை. வலி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, பிள்ளையின் இதயத் துடிப்பு என்ன என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே வருவார். கோடு எல்லை தாண்டினால் அனுப்பிவிடுவார். பிள்ளை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுவார். கருப்பை சுருங்கி நச்சுக்கொடி விழவும், இரத்தம் அதிகம் போகாமல் இருக்கவும் அந்த ஒரு ஊசி செய்யும் உதவி பெரிது. பிள்ளையைத் துடைத்து அம்மாவின் நெஞ்சிலேயே போடுவார். கூட ஒரு பெண் துணைக்கு இருக்கலாம். அம்மாவோ அக்காவோ, உங்களுக்கு யார் இருந்தால் தைரியமோ அவர் இருக்கட்டும்.

அனுப்பும்போது சில இடங்களில் "இதுவரை என்ன பார்த்தீங்க" என்று எங்களைத் திட்டுவார்கள். ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு, வலியோடு இருந்த பெண்ணின் எதிரிலேயே என்னைச் சத்தம் போட்டார்கள். அவள் பயந்துபோய் என் கையை விடவே இல்லை. அந்தத் திட்டுக்குப் பயந்து ஒரு செவிலியர் அனுப்பத் தாமதித்தால் போவது ஓர் உயிர். அனுப்புவது தோல்வி இல்லை என்று மருத்துவமனையில் இருப்பவர்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டிலேயே, வீடியோ பார்த்துப் பிரசவம் பார்த்துக்கொள்ளலாமா என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பிரசவத்துக்குப் பின் இரத்தம் ஊற்ற ஆரம்பித்தால் கையில் இருப்பது நிமிடக் கணக்கு நேரம்தான்.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, பத்தியம் இருக்க வேண்டும் என்கிறார்களே?

தண்ணீர் கொடுக்க வேண்டும், நிறையவே. பால் சுரக்கும் உடம்புக்குத் தாகம் அதிகம். அதுவும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையைப் பூட்டி, தலைக்குத் துணி கட்டி, இரண்டு டம்ளர் வெந்நீர் மட்டும் கொடுத்தால் சிறுநீர் எரிச்சலும் மலச்சிக்கலும் காய்ச்சலும்தான் வரும். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, உளுந்தங்களி, அளவாகப் பிரசவ லேகியம், இவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கீரை, பழம், பருப்பைத் தள்ளி வைப்பதில்தான் குறை.

பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்காதீர்கள். வீட்டில் நல்ல குணமுள்ளவர் கையால் சீனித் தண்ணீர் வைப்பது ஆசையில் செய்வது என்று தெரியும். அந்தப் பெரியவரையே பிள்ளையை எடுத்துத் தாயின் மார்பில் விடச் சொல்லுங்கள், அந்த மரியாதை அவருக்குப் போதும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தொப்புளில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் நர்சம்மா வந்து பார்ப்பார். துணி ஒரு மணி நேரத்தில் முழுதாக நனைந்தால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால், மார்பு சிவந்து கட்டிக்கொண்டால் அவர் வரும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லாமல், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தால் அது திமிர் இல்லை, நோய். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், வருடத்துக்கு ஒரு மாதம்தான் வருவார். அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட எனக்கு எது சரி?

இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும் கேள்வி. ஒரு மாதம்தான் என்றால் ஆணுறை எளிது, பால் வினை நோய்களிலிருந்தும் பாதுகாப்பு. அவர் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார் என்றால் மற்றதைப் பார்ப்போம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. மாதவிலக்கு முன்பின்னாகலாம், விட்ட பிறகு கரு நிற்கச் சில மாதம் தாமதமாகலாம், அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். சாயா மாத்திரை ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு நாள், பிறகு வாரம் ஒரு நாள். பால் கொடுப்பவரும் போடலாம். காப்பர்-டி பத்து வருடம் வரை வேலை செய்யும் வகை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் முடியும். இவையெல்லாம் அரசு நிலையங்களில் இலவசம். அவசர மாத்திரை, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதை வழக்கமாக்காதீர்கள்.

பிள்ளை போதும் என்று முடிவானால் ஆண்கள் செய்துகொள்ளும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பெண்ணுடையதைவிடச் சின்னது, சீக்கிரம் முடிவது. அதைச் சொன்னால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள். நான் சொல்வதை நிறுத்தியதில்லை.

கரு வேண்டாம் என்றால்?

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நீங்களே போடாதீர்கள். சட்டப்படி இதைச் செய்ய வேண்டியவர் தகுதி பெற்ற மருத்துவர், செவிலியர் இல்லை. ஆனால் எங்கே போவது என்று செவிலியர் சொல்வார், இரகசியத்தைக் காப்பார். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். சில காரணங்களுக்கு இரண்டு மருத்துவர் கருத்தோடு 24 வாரம் வரை உண்டு. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லி மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். சொல்வதும் கேட்பதும் குற்றம்.

வெள்ளைப்படுதல், அடி இறங்குதல். இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"கீழே ஒரு தொந்தரவு" என்று சொன்னால் போதும், மீதியை நாங்கள் கேட்டுக்கொள்வோம். நாற்றமில்லாமல், நிறமில்லாமல் கொஞ்சம் படுவது இயல்பு. தயிர்போல் திரிந்து அரித்தால் ஒரு மருந்து, மஞ்சளாக நாற்றத்தோடு அடிவயிறு வலித்தால் வேறு மருந்து. சிலவற்றுக்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்தான் தீரும்.

அடி இறங்கியதை, அதாவது கருப்பை கீழே இறங்கியதை, பதினைந்து வருடம் மறைத்து வைத்திருந்த ஓர் ஆச்சியைப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போவதையும் கல்யாண வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். கேட்டதற்கு "வயசாச்சு, கால் வலி" என்றார். தொடக்கத்தில் இடுப்புத் தசைப் பயிற்சி உதவும், வளையம் வைக்கலாம், தேவையானால் ஆபரேஷன் இருக்கிறது. தும்மினால் சிறுநீர் வருவதற்கும் வழி உண்டு. வயதின் மேல் பழி போட்டுப் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இல்லை இவை.

எனக்கு ஒன்றும் இல்லையே, புற்றுநோய்ப் பரிசோதனை எதற்கு?

ஒன்றும் இல்லாதபோது செய்வதுதான் பரிசோதனை. 30 வயது தாண்டிய பெண்கள் கருப்பை வாயைக் காட்டிக்கொள்ள வேண்டும். நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருளைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை, அடுத்த பரிசோதனை வேண்டும் என்று பொருள். அந்த நிலையிலேயே சரிசெய்துவிடலாம். மார்பையும் அதே நாளில் பார்த்துவிடுவார்கள். நான் மேலே சொன்ன முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கியதற்குப் பின்னால் அந்தத் துக்கம் இருக்கிறது.

மாதவிலக்கு நின்று பத்து வருடமாகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்கு நர்சம்மா எதற்கு?

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார்தான் எங்கள் கணக்கில் விட்டுப்போகிறவர்கள். வெளிக்கதவைத் தட்டினால் உள்கட்டு வரை சத்தம் கேட்காது. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும், அது முக்கியம். சர்க்கரை, பிபி மாத்திரைகள் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். தூங்காமல் இருப்பது, பேச ஆளில்லாமல் இருப்பது, இதையும் சொல்லலாம். அதைக் கேட்பதற்கும் வருகிறோம்.

வீட்டில் அடிக்கிறார். இதை நர்சம்மாவிடம் சொல்லலாமா?

சொல்லலாம். ஊசி போடக் கையைப் பிடிக்கும்போதே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும், நீங்கள் சொல்லக் காத்திருப்போம். 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம்.

அவரை எப்போது பார்க்கலாம்? வரவே இல்லை என்றால்?

புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்கு அங்கன்வாடியிலோ துணை நிலையத்திலோ இருப்பார். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு எந்த நாள் என்பது உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதி மாட்டியிருக்கும். நர்சம்மாவின் போன் எண்ணைத் தாய் சேய் அட்டையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்ந்து வரவில்லை என்றால் நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது 104 என்ற சுகாதார உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் கடைசி ஆளாக வாருங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போங்கள், நர்சம்மாவுக்குப் புரியும்.